இரண்டு மூட்டை மணல்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கழுத்து மட்டும் வழக்கம்போல் மக்கர் பண்ணுகிறது. நாள் முழுக்கக் குனிந்து மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவளுக்குக் கழுத்து வலிக்காமல் காதா வலிக்கும்? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறீர்களா, இல்லை எனக்கென்ன என்று நிமிர்ந்துதான் ஏறுவீர்களா?

போனில் பேசினால் ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சுவதிலேயே நேரம் போய்விடுகிறது. அண்ணன் பேச்சை எடுத்ததும் "சரி, வச்சிடு" என்கிறீர்கள். அதனால்தான் கடிதம். இதில் அழுதால் எதிராளிக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த ஒரு வருஷமாக நீங்கள் திரைச்சீலைத் துணியையும் தையல் மெஷினையும் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நாம் ரெண்டு பேரும் அந்தக் கடற்கரை ஊருக்குப் போய் வரலாம். அதே ஓட்டல்தான். ஆனால் இந்த முறை லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவரின் குடும்பமாக இல்லை, விருந்தாளிகளாக. அதுவும் சீசனில்! இத்தனை வருஷம் போயும் அந்தக் கரையில் ஒரு குடை விரித்து நாம் பார்த்ததில்லை என்பது உங்களுக்கு உறைத்திருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் டீச்சர் "கடற்கரையில பெரிய பெரிய குடை இருக்கே, அது எதுக்கு?" என்று கேட்டபோது நான் எழுந்து நின்று "கிழிசல் தைக்கிறதுக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். முடியாது என்று மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூட்டை


பிப்ரவரி 25

என் மூட்டைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலும் இருக்கிறது, எங்கேயும் போய்விடவில்லை. நீ கழுத்துக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. கொடுக்க மாட்டாய், தெரியும். சொல்வது என் கடமை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷினில் கால் வைக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். மழைக்காலத்தில் மூடிக்கிடக்கும் அந்த ஓட்டல்தான் கண்முன் வந்தது. நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். மெத்தைகள் சுவரில் சாய்ந்து நிற்கும். உப்புக்காற்று வருஷம் முழுக்கத் தின்ற இரும்பை உன் அண்ணன் கழற்றித் துடைத்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் போட்டு மறுபடி மாட்டுவார். நீ காலியான தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவாய். எந்த அறையில் வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளலாம் என்றதும் தினம் ஒரு அறை மாற்றுவாய். ஓட்டல் முதலாளியே அப்படி இருந்திருக்க மாட்டார்.

கடைசி நாள் எடை போட்டுப் பார்க்கிற நாள், ஞாபகம் இருக்கிறதா? லிஃப்ட் முழுப் பாரத்தையும் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கரையிலிருந்து மணல் ரொப்பி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து உள்ளே அடுக்குவார்கள். பாதி மூட்டையிலேயே எல்லாருக்கும் இடுப்பு ஒடிந்துவிடும். உடனே உன் அண்ணன், "போதும், மிச்சத்துக்கு ஆளுங்களே ஏறுங்க" என்பார். சமையல்காரர், வாட்ச்மேன், கரைக்குடைகளின் கிழிசலைத் தைக்கிற குடைக்காரர், நான். அப்புறம் உன்னைக் கூப்பிட்டு, "என் தங்கச்சி நின்னா ரெண்டு மூட்டை மிச்சம்" என்றார். அன்று முழுக்க நீ சாப்பிடாமல் முரண்டு பிடித்தாய். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கம்பிக்கதவைச் சாத்தியதும் மேலே மோட்டார் ரூமிலிருந்து அவர் கத்துவார்: "குடைக்காரரே, என் வீட்டு ஆளுங்க உங்க பொறுப்பு! பார்த்து!" அந்த மனிதர் பதில் சொல்ல மாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே. கதவை மறைத்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். மேல்மாடியில் கதவு திறந்ததும் ஒரேயடியாகக் கடல் தெரியும்.

சரி, போகலாம். ஆனால் நீ இல்லாமல் நான் தனியாகப் போக மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, ஏனென்றால் அடுத்த வரியைப் படித்ததும் உங்களுக்குச் சுகம் போய்விடும். என்னால் வர முடியாது. கடையில் என்னோடு வேலை செய்கிறவர் கையை உடைத்துக்கொண்டு கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். லீவை ஞாபகப்படுத்தியதும் முதலாளி, நான் அவருடைய கையையும் சேர்த்து ஒடித்துவிட்டது போலப் பார்த்தார்.

அறை போட்டாயிற்று, கடல் பக்கம். நீங்கள் போயே ஆக வேண்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: போனதும் துடைப்பம் எங்கே என்று தேட ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் விருந்தாளி.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சலோடு மூட்டை


ஏப்ரல் 14

என் மூட்டைக்கு,

வந்து சேர்ந்தேன். நலம். கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்தாயா?

நீ சொன்ன எதையும் நான் காப்பாற்றவில்லை. கால் தானாகப் பின்பக்கம் போய்விட்டது. சமையலறை வழியாக உள்ளே நுழைந்து, "டீ இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் அங்கே பத்துப் பேர் தலையில் வெள்ளைத் தொப்பியோடு என்னைப் பார்ப்பது தெரிந்தது. வாட்ச்மேன் வந்து, "மேடம், கெஸ்ட்டுங்க வர்ற வழி முன்னாடி இருக்கு" என்று மரியாதையாகத் திருப்பிவிட்டார். மறுநாள் காலையில் எழுந்ததும் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டேன். அறை சுத்தம் செய்ய வந்த பெண், ஏதோ பூச்சி இருக்கிறது என்று நான் கோபித்துக்கொண்டதாக நினைத்துப் பதறிவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

கடலைப் பார்த்தேன். தலையும் தலையுமாக மனிதர்கள். நம் கடல் இதுவா என்று இருந்தது. நம்முடையது ஆளில்லாமல் சாம்பல் நிறத்தில் கிடக்குமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரை முழுக்கக் குடைகள், எல்லாம் விரிந்திருக்கின்றன! விரிந்தால் எவ்வளவு அழகாக இருக்கின்றன தெரியுமா? நானோ போய் அடியில் நின்று தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட் அதேதான், அதே கம்பிக்கதவு. ஈரத்துண்டும் குழந்தைகளுமாக நெருக்கியடித்து ஏறினார்கள். யாருக்கும் அதன் சத்தம் கேட்கவில்லை. எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

குடைக்காரரைப் பார்த்தேன். மணலில் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். தலை வெளுத்துவிட்டது, அந்தக் கோணல் நகம் அப்படியே இருக்கிறது. என்னை அடையாளம் தெரிந்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மெக்கானிக் எங்க? சாமான் எடுத்துட்டு வராரா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். குடையை விரித்து, கூட்டத்துக்கு என் முகம் தெரியாதபடி சாய்த்து ஊன்றினார். அப்புறம் தள்ளிப்போய்த் தன் வேலையைப் பார்த்தார். மூட்டை, இந்த ஒரு வருஷத்தில் நான் வாய்விட்டு அழுதது அந்தக் குடைக்கு அடியில்தான்.

இன்னும் ஒரு வாரம் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டியதே இல்லை, எழுத்திலேயே தெரிகிறது. கடையில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துவிட்டு நானும் அழுதேன். எதிரே கண் பரிசோதனைக்கு வந்திருந்தவர், "உங்களுக்கே கண்ணுல தண்ணி வருதே, எங்களுக்கு என்னத்தப் பார்க்கப்போறீங்க?" என்றார்.

ஒரு வாரம் இல்லை, ஒரு மாதம் இருங்கள். குடைக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இன்னும் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதானா? உங்களிடம் ஒரே மூச்சில் ஐந்து வார்த்தை பேசியிருக்கிறாரே, மறுநாளுக்கு உரியதையும் சேர்த்துச் செலவழித்துவிட்டாரோ?

இப்படிக்கு,
மூட்டை


மே 30

என் மூட்டைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், திட்டாதே. ஓட்டல் அடுத்த வாரம் மூடுகிறது. எல்லா அறைக்கும் திரைச்சீலை மாற்ற வேண்டுமாம், தைக்க ஆள் வேண்டுமாம். நான் தையல்காரி என்று குடைக்காரர் போய்ச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார், சரி என்றுவிட்டேன். பின்பக்கம் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். துணிக்கிடங்குக்குப் பக்கத்தில், நாம் முன்பு நனைந்த துணியெல்லாம் காயப்போடுவோமே, அந்த இடம்.

குடைகளெல்லாம் உள்ளே வந்துவிட்டன. குடைத்துணியை ஒற்றை ஆளாகத் தைக்க முடியாது, தெரியுமா? ஒருத்தர் இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் ஊசி ஓட்ட வேண்டும். இழுப்பு கூடினால் கிழியும், குறைந்தால் சுருங்கும். இத்தனை வருஷம் குடைக்காரர் கால் விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறார்! நான் சத்தம் போட்டேன். இப்போது என் திரைச்சீலையை அவர் பிடிக்கிறார், அவர் குடையை நான் பிடிக்கிறேன். பேச்சு கிடையாது. டீ வந்தால் மட்டும் "டீ" என்பார். முழங்காலுக்கு ஏதோ ஒரு தைலம் வாங்கி வந்து என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார், எடுத்துப் போட்டுக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. உன் அண்ணன் இருந்திருந்தால் இதற்குள் ஊரையே கூட்டியிருப்பார்.

மழை தொடங்கிவிட்டது. இப்போதுதான் கடல் நம் கடல் மாதிரி இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்.

திரைச்சீலை எத்தனை அறைக்கு? எப்போது வீட்டுக்குத் திரும்புவீர்கள்? உங்கள் கடிதத்தில் கடல் ரெண்டு வரி, என் கழுத்து ஒரு வரிகூட இல்லை. மிச்சம் எல்லாம் குடைக்காரர். சும்மா சொன்னேன். தைலம் கேட்கிறதா முழங்காலுக்கு?

மூட்டை


ஜூலை 8

என் மூட்டைக்கு,

நலம். உன் கழுத்து எப்படி இருக்கிறது? கேட்க மறந்தது தப்புதான்.

மழை விடவே இல்லை. திரைச்சீலை பாதி முடிந்துவிட்டது. துணி ஈரத்தில் விறைத்துக்கொண்டு ஊசி இறங்க மறுக்கிறது. சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டார், நானே சமைத்துக்கொள்கிறேன். மெத்தைகளைச் சாய்த்து வைத்தாயிற்று. நேற்று காற்றில் பின்வாசல் கதவு கழன்று விழுந்தது.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். வீடு பூட்டியே கிடக்கிறது. உன் அண்ணனின் சாமான் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, ஈரத்தில் துருப்பிடித்துவிடும். சாவி பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து உன்னிடம் வைத்துக்கொள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 16

என் மூட்டைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியாகத்தானே இருக்கிறது? போன் செய்யலாம் என்று கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

விசேஷம் ஒன்றும் இல்லை என்று போன தடவை எழுதினேன். இருந்தது. ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் ஒரு குடையை முடித்து நூலை அறுத்துக்கொண்டிருந்தேன். குடைக்காரர் துணியை விடவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தார். "நீங்க இங்கயே இருந்துடுறீங்களா? நான் தனி ஆளு. என் வீட்டுல இருக்கலாம், கல்யாணம் பண்ணிக்கிட்டு" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பேசி முடித்ததும் அவருக்கே மூச்சு வாங்கியது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் இது என்ன கூத்து என்றும் இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்று எனக்குப் பயமில்லை. உன் அண்ணனை நினைத்தும் பயமில்லை. சுவரில் படமாகத் தொங்கினாலும் அந்த மனிதர் சிரிக்கத்தான் செய்வார். எனக்குப் பயம் உன்னை நினைத்துதான். நான் உனக்கு அண்ணி ஆனது அவரால். அவரும் இல்லை, நான் வேறொருவரோடு போய்விட்டால், நீ எனக்கு யார்? சட்டைக்குப் பட்டன் போடத் தெரியாத வயதில் உன்னை என் மடியில் போட்டார்கள். நாளைக்கு எதிரே வந்தால் என்னை என்னவென்று கூப்பிடுவாய்?

அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒருத்தியைக் கேட்க வேண்டும் என்றேன். "கேளுங்க" என்று போய்விட்டார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீ வேண்டாம் என்று எழுது, நான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். உன்மேல் மனத்தாங்கல் வராது. இது சத்தியம்.

லிஃப்டுக்குப் புது மெக்கானிக் வந்திருக்கிறார். இரும்பு எடைகள் லாரியில் வர வேண்டுமாம், ரோட்டை மழை அரித்துக்கொண்டு போய்விட்டது. "முன்னாடியெல்லாம் எப்படிப் பண்ணுவாங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். மணல் காய்ந்ததும் மூட்டை ரொப்ப வேண்டும். அடுத்த மாதக் கடைசியில் எடை போட்டுப் பார்ப்பார்கள்.

ஒரு வரியாவது எழுது.

அண்ணி


செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

என் உடம்பு சரியில்லை என்று எழுதினால் நீங்கள் முந்தின கடிதத்துக்குப் பதில் வராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவீர்கள். அதனால் எழுத மாட்டேன். என் உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. கோபத்தில்தான் எழுதவில்லை.

ஜூலையில் நீங்கள் எழுதிய கடிதத்தில் மழை வந்தது, சமையல்காரர் வந்தார், கதவுகூட வந்தது. குடைக்காரர் வரவில்லை. அதுவரை வரிக்கு வரி வந்துகொண்டிருந்த மனிதர் திடீரென்று காணாமல் போனால், எனக்கு என்ன தலையில் களிமண்ணா? அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. பதில் எழுத உட்காருவேன். "சந்தோஷம்" என்று எழுதினால் பொய்யாக இருந்தது, "வேண்டாம்" என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய்யாக இருந்தது. கிழித்துக் கிழித்துப் போட்டேன். எனக்கென்று இருக்கிற ஒரே வீடு நீங்கள். அதையும் ஒருத்தர் குடைத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறாரே என்று மனசு அடித்துக்கொண்டது. கடையில் வலது கண் லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் பொருத்திக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா வீட்டுக்குப் போய் வாசற்படியில் இடித்துக்கொண்டு திரும்பி வந்து என்னைக் கேட்ட கேள்வி இருக்கிறதே, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்ததும் கிரீஸ் வாசனை வந்தது. அண்ணன் சட்டைப்பையில் வரும் அதே வாசனை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். எங்கள் கட்டட லிஃப்டில் பெட்டியோடு ஏறினேன். ஏறியதும் உள்ளங்கை தானாகப் போய்ச் சுவரில் பதிந்தது. அண்ணன் எந்த லிஃப்டில் ஏறினாலும் அப்படித்தானே வைத்துச் சத்தம் கேட்பார். கூட ஏறியவர், "என்னங்க, தலை சுத்துதா?" என்றார்.

தலை சுற்றவில்லை. அண்ணனின் குரல் கேட்டது. "குடைக்காரரே, என் வீட்டு ஆளுங்க உங்க பொறுப்பு! பார்த்து!"

அண்ணி, அண்ணன் தன் ஸ்பானரைக்கூட இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். எதையும் தானே சரிபார்க்கிற மனிதர், அந்த எடை போடும் நாளில் மட்டும் மேலே போய் நின்றுகொள்வார். உங்களையும் என்னையும் உள்ளே நிறுத்தி, கதவருகே குடைக்காரரை நிறுத்துவார். ஒவ்வொரு வருஷமும் அவரைத்தான். நான் கம்பி இடுக்கில் கை வைத்தபோது என் விரலைத் தட்டிவிட்டு, அது நசுங்க இருந்த இடத்தில் தன் விரலை வைத்தவர் அவர். அந்தக் கோணல் நகத்தைக் கடிதத்தில் எழுதியபோது உங்களுக்கும் அது ஞாபகம் வந்திருக்கும், நீங்கள் எழுதவில்லை. நகம் கறுத்துப்போயும் அவர் வாய் திறந்து "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை. மேல்மாடி வந்து நாம் இறங்கிய பிறகுதான் கையை உதறினார்.

யார் கையில் விட்டால் பத்திரமாகப் போய்ச் சேருவோம் என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரிய இவ்வளவு நாளாகிவிட்டது.

உங்களை என்னவென்று கூப்பிடுவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டன் போட்டுவிட்டபோது கூப்பிட்டதைத்தான். எனக்கு உங்களுக்கென்று வேறு வார்த்தை தெரியாது, இனிமேல் கற்றுக்கொள்ளவும் மாட்டேன். அவரை என்ன கூப்பிடுவது என்பதுதான் சிக்கல். அண்ணன் என்று கூப்பிட எனக்கு வராது, அந்த இடம் அந்த இடம்தான். குடைக்காரரே என்றே கூப்பிடுகிறேன். கோபம் வந்தாலும் அவர் சொல்லப் போவதில்லை என்பது எனக்கு ஒரு வசதி.

"இருந்துடுறேன்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள். பாவம், ஜூலையிலிருந்து துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இந்த முறை முதலாளியிடம் லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாமான் பெட்டியையும் கொண்டு வருகிறேன். எனக்குத் தனி அறை வேண்டும், தினம் ஒன்றாக மாற்றிக்கொள்வேன்.

மணல் ரொப்ப ஆரம்பித்திருப்பார்கள். ரெண்டு மூட்டையை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூட்டை